மருத்துவ வாரியத்தில் "நன்றாக இருக்கிறேன் சார்" என்று சொல்லிவிடுகிறார்

பகுதி: முன்னாள் படைவீரர் குடும்பங்கள்

படவேட்டுக்காரி
சனி, இரவு 11.52

இரண்டு வருடமாக இந்தப் பகுதியைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை. நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஓட்டுநராக இருந்தவர். 2011 டிசம்பரில் ஜம்முப் பக்கம் மலைப்பாதையில் வண்டி பள்ளத்தில் உருண்டது. ஓட்டியவர் வேறொருவர், இவர் பக்கத்து இருக்கையில் இருந்தார். மார்பு மட்டத்தில் முதுகுத்தண்டு முறிந்தது. புனே கிர்க்கி ராணுவ மருத்துவமனையில் எட்டு மாதம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தோம். எனக்கு அப்போது 26 வயது. மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு.

வேலையிலிருந்து விடுவிக்கும்போது கூடிய வாரியம் ஊனத்தை 100 சதவீதம் என்று எழுதியது. அதே தாளில், எப்போதும் ஓர் ஆள் கூட இருந்து கவனிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு எதிரே "வேண்டாம்" என்று இருக்கிறது. கேட்ட மருத்துவரிடம் இவர், "எல்லாம் நானே செய்துகொள்வேன் சார்" என்று சொன்னார். அன்றைக்கு அது பாதி உண்மைதான். கைகள் இரும்பு மாதிரி இருந்தன. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒரே தாவலில் மாறுவார். மீதிப் பாதி, நான் முந்தானைக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்த சிறுநீர்ப் பையில் இருந்தது.

இப்போது இரண்டு தோள்களும் போய்விட்டன. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. நாற்காலிக்கு நான்தான் மாற்றுகிறேன். என் எடை 51 கிலோ, அவர் 74. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று புரட்டிப் படுக்க வைக்கிறேன். சத்தம் வைத்தால் மகள் எழுந்துகொள்வாள் என்று செல்போனை அதிர்வில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். போன வருடம் உட்காரும் எலும்பின் மேல் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருந்ததை ஒரே ஒரு நாள் பார்க்காமல் விட்டேன். அது ஆற ஏழு மாதம் ஆயிற்று.

அடுத்த மாதம் மறுபடியும் வாரியம் கூடுகிறது. "இந்தத் தடவையாவது உள்ளதைச் சொல்லுங்கள்" என்று நேற்றுக் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "பெண்டாட்டி கால் கழுவி விடுகிறாள் என்று ஒரு கர்னல் முன்னால் என்னைச் சொல்லச் சொல்கிறாயா?" என்றார். அதற்கு மேல் பேச்சு இல்லை, சாப்பாடும் இல்லை.

நானே சொல்லிவிடலாம். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிச் சொல்வது? யாராவது சொல்லியிருந்தால் எழுதுங்கள்.


பழைய எழுத்தர்
ஞாயிறு, காலை 6.10

அம்மா, 24 வருடம் ராணுவ ரெக்கார்டு அலுவலகத்தில் கோப்பு புரட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அந்த "வேண்டாம்" தடுப்பது கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸை. நாங்கள் உதவியாளர் படி என்போம். ஏற்கப்பட்ட ஊனம் 100 சதவீதமாக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதமாவது விடாமல் ஓர் ஆளின் கவனிப்பு தேவை, அந்தத் தேவை அந்த ஊனத்தால் மட்டுமே வந்தது என்று வாரியம் பரிந்துரைக்க வேண்டும். 2017 ஜூலை முதல் மாதம் 6,750 ரூபாய் என்று வைத்தார்கள். அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் இது 25 சதவீதம் ஏறும். அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாகக் கிடக்கும் நாட்களுக்குக் கிடையாது.

இதையும் ஊன ஓய்வூதியத்தின் சதவீதக் கணக்கையும் பலர் போட்டுக் குழப்புவார்கள். 50க்குக் கீழே இருந்தால் 50, 50லிருந்து 75 வரை 75, அதற்கு மேல் 100 என்று மேலே தள்ளிக் கணக்கிடுவது ஓய்வூதியத்துக்கு. முழுப் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் அந்தக் கணக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொன்னது. உங்கள் வீட்டில் வாரியமே 100 என்று எழுதிவிட்டதால் அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை.

வாரியத்தில் இருப்பவர்கள் நாள் முழுக்கப் பலரைப் பார்க்கிறவர்கள். நீங்கள் அழுதால் அவர்களால் அழுகையைக் கோப்பில் எழுத முடியாது. தாளைக் கொடுத்தால் சேர்ப்பார்கள். தோளுக்கு எடுத்த ஸ்கேன், புண்ணுக்குச் சிகிச்சை பெற்ற விவரத் தாள் எல்லாம் கொண்டுபோங்கள். கூடவே ஒரு வாரம் முழுக்க 24 மணி நேரமும் என்னென்ன நடக்கிறது என்று மணி போட்டு எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. படியின் பெயரில் உதவியாளர் இருக்கிறார், ஆனால் பணம் உதவியாளருக்கு அல்ல. அவர் ஓய்வூதியத்தோடு சேர்ந்து அவர் கணக்குக்கு வரும். நான் பார்த்த ஆயிரக்கணக்கான கோப்புகளில் மனைவி இருப்பது இரண்டு இடத்தில்தான்: நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தில் ஒரு பெயர், குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒட்டிய ஜோடிப் புகைப்படத்தில் ஒரு முகம்.


வேப்பமரத்தடி
ஞாயிறு, காலை 9.33

யாரும் கோபப்படக் கூடாது. கட்டிய கணவனுக்குச் செய்வதற்குக் கூலியா? என் தாயார் என் தகப்பனாரை ஒன்பது வருடம் பக்கவாதத்தில் பார்த்துக்கொண்டார்கள், எந்த அரசாங்கமும் பத்துப் பைசா கொடுக்கவில்லை. படைவீரர்களுக்கு ஓய்வூதியம் இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது, இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. எங்கள் பக்கம் பனையேறி மரத்திலிருந்து விழுந்து இதே முதுகுத்தண்டு முறிந்து கிடக்கிறான். அவன் பெண்டாட்டிக்கு எந்த வாரியம் கூடுகிறது? இவருக்கு நடந்ததும் போர் அல்ல, சாலை விபத்து.


செண்பகம்
ஞாயிறு, காலை 10.05

வேப்பமரத்தடித் தம்பி, பனையேறியைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்கமாட்டேன். அவன் மனைவிக்கும் கேளுங்கள், நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன். அவளுக்கு இல்லை என்பதால் இவளுக்கும் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

"போர் அல்ல" என்றீர்களே, அதைக் கேட்டுக் கேட்டு என் காது காய்த்துப்போயிற்று. என் வீட்டுக்காரர் அமைதிப்படையில் போனவர். 1988இல் யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே ஒரு மண்சாலையில் கண்ணிவெடி. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அடிபட்டுக் கிடந்தபோது தண்ணீர் கேட்டதும் தமிழில், ஓடிவந்து கொடுத்த கிழவி பேசியதும் தமிழில் என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் சொன்னதில்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது வரவேற்கப் போகமாட்டேன் என்று முதலமைச்சரே சொன்ன காலம் அது. அதை வானொலியில் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கட்டைக் காலைக் கழற்றிப் பரணில் வைத்தார். ஒரு மாதம் தொடவில்லை. ஊரில் சிலர் இரக்கப்பட்டார்கள், சிலர் "நம் ஆட்களைச் சுடத்தானே போனான்" என்றார்கள். இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தவள் நான்தான். இ.சி.எச்.எஸ். வந்ததே 2003இல். அதற்கு முன் பதினைந்து வருடம் என்ன செய்தோம் என்று கேட்க ஒருவரும் இல்லை.

படவேட்டுப் பெண்ணே, உனக்கு நான் ஒன்று சொல்கிறேன். அவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திராதே, அவரைச் சொல்ல வைக்கவும் முயலாதே. இல்லாத காலில் வலிக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்லவே பதினொரு வருடம் ஆயிற்று. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கேட்டால் "கொசு" என்பார். ஒருநாள் என்னவோ தோன்றி, "எந்த இடத்தில் கொசு?" என்று கேட்டேன். "கட்டை விரலில். மடங்கிப் போய்க் கிடக்கிறது, நிமிர்த்த முடியவில்லை" என்றார். அந்த விரல் யாழ்ப்பாணத்து மண்ணில் போய் எத்தனை வருடம்!

பிறகு ஒரு முகாமுக்கு வந்த இயன்முறைப் பையன் கண்ணாடி வைத்தியம் சொல்லிக் கொடுத்தான். நம்ம ஊர்க்காரர், அமெரிக்காவில் இருக்கும் வி.எஸ். ராமச்சந்திரன் என்ற மூளை விஞ்ஞானி கண்டுபிடித்ததாம். பீரோவின் உட்பக்கக் கண்ணாடியைக் கழற்றி இரண்டு தொடைகளுக்கும் நடுவே நிறுத்தினேன். நல்ல காலின் நிழல் கண்ணாடியில் விழும், பார்க்கிறவருக்கு இரண்டு கால். வலது விரல்களை மெல்ல நிமிர்த்தச் சொன்னேன். கண்ணாடியில் இடது விரல்களும் நிமிர்ந்தன. அவர் அப்படியே பார்த்துக்கொண்டே இருந்தார். "விட்டுவிட்டது" என்றார். அன்றைக்குத் தூங்கினார். எல்லோருக்கும் கேட்காது என்று அந்தப் பையனே சொன்னான், இவருக்குக் கேட்டது. அதன்பின் என் பீரோவுக்குக் கண்ணாடியே கிடையாது.


வேப்பமரத்தடி
ஞாயிறு, காலை 10.40

அம்மா, அவமதிக்க எழுதவில்லை. ஆனால் கடமைக்கும் வேலைக்கும் வேறுபாடு உண்டு என்பதில் நான் மாறவில்லை.


பழைய எழுத்தர்
ஞாயிறு, மதியம் 12.15

தம்பி, 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பராமரிப்பவர் யார் என்பதற்கு விளக்கம் இருக்கிறது. பெற்றோர், குடும்பத்தார் உட்பட, சம்பளம் வாங்கியோ வாங்காமலோ கவனிப்பவர் எவரும் பராமரிப்பவர்தான். அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி கொடுக்கத் திட்டம் வகுக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அது படைவீரருக்கென்று எழுதிய சட்டம் அல்ல. உங்கள் பனையேறியும் அதில் வருகிறார், உங்கள் தாயாரும் வருகிறார்.

சாலை விபத்து என்பதற்கும் பதில் உண்டு. போர்க்காயம் என்றால் ஊன ஓய்வூதியம் கூடுதல், பணியின்போது நேர்ந்த மற்றக் காயமென்றால் குறைவு. அந்த வேறுபாட்டை ஓய்வூதியத்தில் ஏற்கெனவே பிடித்துக்கொண்டார்கள். படுக்கைப் புண் அந்த வகைப்பாட்டைப் பார்த்து வருவதில்லை.


மட்டுறுத்துநர்
ஞாயிறு, மதியம் 12.31

கடமையா கூலியா என்ற வாதத்தைத் தொடர விரும்புவோர் தனி இழை தொடங்கவும். இங்கே கேள்வி கேட்டவருக்கு அடுத்த மாதம் வாரியம்.


சக்கரம்
ஞாயிறு, மாலை 4.48

நான் மனைவி அல்ல, கணவன். 19 வருடமாக நாற்காலியில் இருக்கிறேன். படவேட்டுச் சகோதரிக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் தெரியுமா? வெட்கம் ஒரு காரணம், அது நீங்களே அறிந்தது. அதற்கு முந்திய காரணம் ஷேப்-1. ராணுவத்தில் எங்கள் உடம்புக்குக் கொடுக்கும் தரம் அது. மனநிலை, காது, கை கால், உடல்வலு, கண் ஆகிய ஐந்திலும் முழு மதிப்பெண் என்று பொருள். அது குறைந்தால் "கேட்டகரி ஆகிவிட்டான்" என்பார்கள். பதவி உயர்வு, பணிக்கால நீட்டிப்பு, நல்ல இடத்துப் பணி எல்லாம் அதோடு போகும். அதனால் வருடாந்திர மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது முழங்கால் வலியை மறைப்போம், காது இரைச்சலை மறைப்போம். மேசைக்கு அந்தப் பக்கம் சீருடையில் ஒரு மருத்துவர் உட்கார்ந்து "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் வாய் தானாகவே "டீக் ஹை சார்", நன்றாக இருக்கிறேன் சார், என்று சொல்லிவிடும். இது எனக்கு 17 வருடப் பழக்கம். முதுகு முறிந்தது ஒரு நிமிடத்தில், பழக்கம் முறியவில்லை.

இன்னொன்று. உறவினர்கள் முரளிகாந்த் பேட்கர் கதையை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். 1965 போரில் குண்டடிபட்டு, 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கியவர். எனக்கு அவர்மேல் மலையளவு மரியாதை. ஆனால் அந்தக் கதையை அனுப்புகிற எவரும் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து என்னைப் புரட்டிப் படுக்க வைத்ததில்லை. அதைப் படிக்கப் படிக்க, உதவி தேவை என்று சொல்வதே தோல்வி என்று எனக்குப் படும்.

அவரிடம் பரிதாபத்தைப் பேசாதீர்கள், பணத்தையும் பேசாதீர்கள். டியூட்டியைப் பேசுங்கள். சென்ட்ரி, அதாவது காவல், நிற்பவனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவார்கள். மாற்று ஆள் வந்து நிற்காமல் யாரும் இடத்தை விட்டு நகர முடியாது, ஆனால் மாற்று ஆள் வந்தே தீருவான். ஆள் மாற்றாமல் ஒருவனையே ராத்திரி முழுக்க நிறுத்தினால் மறுநாள் கார்டு கமாண்டர் பதில் சொல்ல வேண்டும். உங்களை எத்தனை வருடமாக மாற்று ஆள் இல்லாமல் நிறுத்தியிருக்கிறார் என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

என் மனைவி இதைச் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தபோது அவளுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டிருந்தது.


படவேட்டுக்காரி
ஞாயிறு, இரவு 12.20

பன்னிரண்டு மணிப் புரட்டல் முடித்துவிட்டு எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. சக்கரம் அண்ணா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். அவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குவதுபோல் படுத்திருக்கிறார். சென்ட்ரி கணக்கை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேப்பமரத்தடி ஐயா, நான் கூலி கேட்கவில்லை. கிடைத்தால் வாரத்தில் மூன்று நாள் பகலில் ஓர் ஆள் வைப்பேன். வைத்துவிட்டு நான் தூங்குவேன். வேறு திட்டம் எதுவும் இல்லை.


நடுப்பிள்ளை
திங்கள், காலை 7.26

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தந்தைக்குத் தலையில் காயம். கை கால் நன்றாக இருக்கிறது, நடப்பார், சாப்பிடுவார். ஆனால் நேற்று நடந்தது நினைவில் இருக்காது, திடீரென்று தட்டை வீசுவார். நூறு கையெழுத்து போட்டால் நூறும் வேறு வேறு. வங்கியில் அம்மாவின் கையெழுத்தை ஏற்க மறுக்கிறார்கள். பார்க்க நல்லவராகத்தானே இருக்கிறார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாரியத்தில் இவரும் மிக நன்றாகப் பேசுவார். அரை மணி நேரம் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது.


பழைய எழுத்தர்
திங்கள், காலை 8.02

தம்பி, இது பெரிய விஷயம், தனி இழை போடு. சுருக்கமாக: நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் உள்ள காப்பாளர் ஏற்பாடு, அதாவது அவருக்குப் பதிலாக முடிவெடுக்க ஒருவரை நியமிப்பது, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு. நடுவயதில் வந்த தலைக்காயம் அதில் எளிதில் அடங்காது. 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவில் வரையறுத்த காப்பாளர் என்று ஒன்று உண்டு, அதை ஒரு வழக்கறிஞரிடம் கேள். நினைவே இல்லாமல் கிடப்பவர்களின் மனைவிமார் உயர் நீதிமன்றத்துக்குப் போய்க் காப்பாளர் ஆகியிருக்கிறார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2019இல் அதற்கு நெறிமுறையே வகுத்தது. அதுவரை அப்பாவின் ஓய்வூதியத் தாள், அட்டைகள் எல்லாவற்றையும் அம்மா கையில் வைத்துக்கொள்ளட்டும்.


பாகாயம் இயன்முறை
திங்கள், இரவு 9.15

நான் இயன்முறை சிகிச்சை செய்பவள். தோளைப் பற்றி மட்டும்.

தோள் மூட்டு நடப்பதற்குப் படைக்கப்பட்டதல்ல. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவர் உடல் முழு எடையையும் ஒரு நாளில் பலமுறை கைகளில் தாங்குகிறார். பத்துப் பதினைந்து வருடத்தில் தோளின் தசைநார்கள் நைந்து கிழிவது இவர்களிடையே வழக்கமாகப் பார்ப்பது. "அன்றைக்குச் செய்தார், இன்றைக்கு ஏன் முடியவில்லை?" என்று வாரியத்தில் கேட்டால் பதில் இதுதான். புதிய நோய் அல்ல. பழைய காயத்தைத் தாங்கித் தாங்கித் தேய்ந்தது. இதை எலும்பு மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். "அந்த ஊனத்தால் மட்டுமே" என்று எழுத்தர் ஐயா சொன்னாரே, அந்த இடத்துக்கு இந்தத் தாள்தான் வேண்டும்.

74 கிலோவை 51 கிலோ தூக்கவே கூடாது. வழுக்குப் பலகை ஒன்று செய்துகொள்ளுங்கள். நல்ல ஒட்டுப்பலகை, இரண்டரை அடி நீளம், ஓரங்களை வழவழப்பாக இழைத்து மெருகு போட வேண்டும். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் பாலமாக வைத்துத் தூக்காமல் நகர்த்துங்கள். புரட்டும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இடுப்புக்குக் கீழே ஒரு பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து விரித்து, சேலையைப் பிடித்து உருட்டுங்கள்.

மார்பு மட்டத்து முறிவு என்றீர்கள். திடீரென்று தலை பிளக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்வை என்று வந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, முதலில் சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருக்கும். குழாயைச் சரிசெய்தும் அடங்காவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இது தலைவலி மாத்திரைக்கு அடங்காது.

படவேட்டிலிருந்து வேலூர் தூரமில்லை. விபத்தில் தானே இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் தொடங்கிய மறுவாழ்வுப் பிரிவு அங்கே இருக்கிறது. தெற்கே இருப்பவர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம். கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. ராணுவ மருத்துவமனையில் தம்மைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்.


செண்பகம்
திங்கள், இரவு 10.01

அந்தப் பொண்ணு சொன்ன சேலை உத்தி சரி. நைலக்ஸ் எடுத்துவிடாதே, வழுக்கும். பருத்திதான்.

சொல்ல மறந்தது ஒன்று. என் வீட்டுக்காரர் 2019இல் போய்விட்டார். கடைசி மூன்று மாதம் வெட்டிய முனையில் புண் ஆறவே இல்லை, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. இறப்புச் சான்றிதழில் "மாரடைப்பு" என்று ஒற்றைச் சொல் எழுதினார்கள். நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் யார் கேட்பார்கள்?


பழைய எழுத்தர்
செவ்வாய், காலை 6.30

செண்பகம் அம்மா சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள், பிடிக்காத பேச்சாக இருந்தாலும். ஏற்கப்பட்ட ஊனத்தின் விளைவாகவே இறந்தார் என்று தாளில் நின்றால் மனைவிக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், கடைசி ஊதியத்தில் 60 சதவீதம். இல்லையென்றால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், 30 சதவீதம். உதவியாளர் படியோ அவரோடு நின்றுவிடும். சிறுநீரகத் தொற்றானாலும் புண்ணானாலும், ஒவ்வொரு தடவை மருத்துவமனையில் சேர்க்கும்போதும் பழைய காயத்தோடு அதற்குள்ள தொடர்பை எழுதி வாங்கிக் கோப்பில் சேருங்கள். அம்மா, உங்களுடைய தாள்களை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், பார்க்கிறேன்.


வேப்பமரத்தடி
செவ்வாய், காலை 8.50

அந்தப் பனையேறியின் ஊனச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதாம். நேற்று போய்ப் பார்த்தேன். புதுப்பிக்க எங்கே போக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.


பாகாயம் இயன்முறை
செவ்வாய், காலை 9.05

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். ஆதாரும் பழைய சான்றிதழும் எடுத்துப் போங்கள். தேசிய அடையாள அட்டைக்கும் அங்கேயே வழிகாட்டுவார்கள். அப்படியே அவர் மனைவியின் முதுகையும் யாராவது பார்க்கட்டும்.


படவேட்டுக்காரி
ஐந்து வாரங்களுக்குப் பிறகு, வெள்ளி, இரவு 10.40

வாரியம் முடிந்தது. முடிவு வரவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மகளின் பழைய ரஃப் நோட்டில் மீதமிருந்த பக்கங்களில் ஏழு நாள் எழுதினேன். சக்கரம் அண்ணா சொன்னது மனதில் இருந்ததால் மணியை அவர்கள் எழுதுகிற மாதிரியே எழுதினேன். 2200 இடது பக்கம். 0000 வலது பக்கம், பை காலி செய்தது, 400 மில்லி. 0200 முதுகு. 0530 மலம், 50 நிமிடம். இப்படியே. எதற்கும் விளக்கம் எழுதவில்லை.

எட்டாம் நாள் நோட்டை அவர் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது மகளின் பேனாவால் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். புதன்கிழமைப் பக்கத்தில் 0200க்கும் 0400க்கும் நடுவில் அவர் கையெழுத்தில் ஒரு வரி: "0310 கால் இழுப்பு. எழுந்து பிடித்துவிட்டாள்." அது எனக்கு நினைவே இல்லை. தூக்கத்திலேயே எழுந்து செய்திருக்கிறேன். "நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்களே" என்றேன். "எந்த ராத்திரி நான் தூங்கினேன்?" என்றார். ஏழு நாளில் நான் விட்டுவிட்ட ஒன்பது இடங்களை நிரப்பியிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ராணுவ எண், பதவி, பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சென்ட்ரி கணக்கை நான் பேசவே இல்லை. அன்று சாயந்திரம் ஆரணியில் இருக்கும் தம்பிக்கு அவரே போன் செய்து, "சனிக்கிழமை ராத்திரி நீ இங்கே வந்து படு, உன் அண்ணிக்கு ரிலீஃப் வேண்டும்" என்றார். ரிலீஃப் என்றால் என்ன என்று என் கொழுந்தனுக்குப் புரியவில்லை. வந்தான். முதல் வாரம் நான்கு மணிப் புரட்டலுக்கு எழுந்திருக்கவில்லை. இரண்டாம் வாரம் எழுந்தான்.

வாரியத்தில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். "நன்றாக இருக்கிறேன் சார்" என்றார்! எனக்கு உயிரே போயிற்று. சொல்லிவிட்டு இரண்டு விநாடி அப்படியே இருந்தார். பிறகு நாற்காலியின் பக்கப் பையிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்து, "டியூட்டி ரெஜிஸ்டர் சார், பார்க்க வேண்டும்" என்றார். அந்த மருத்துவர் நின்றுகொண்டே நான்கு பக்கம் படித்தார், பிறகு உட்கார்ந்து மீதியைப் படித்தார். தோளைத் தூக்கிக் காட்டச் சொன்னார். எலும்பு மருத்துவர் எழுதிய தாளையும் கொடுத்தோம். என்னிடம் ஒரே கேள்விதான்: "0530இல் 50 நிமிடம் என்று இருக்கிறதே, பிள்ளையைப் பள்ளிக்கு யார் அனுப்புகிறார்கள்?" நான் பதில் சொல்வதற்கு முன் இவர், "அவளே கிளம்பிப் போகிறாள் சார், ஆறாம் வகுப்பிலிருந்து" என்றார். அது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.


பழைய எழுத்தர்
சனி, காலை 6.05

நோட்டை அவர்களே வைத்துக்கொண்டார்களா? நகல் எடுத்தீர்களா அம்மா?


படவேட்டுக்காரி
சனி, காலை 7.15

மூன்று எடுத்தேன் ஐயா. ஒன்று கோப்பில், ஒன்று பீரோவில், ஒன்றை அவர் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.